கொட்டிலுக்குள் அம்மா படுக்கலாமா?

வீடும் வளவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அன்புள்ள அக்கா, லண்டன் ஹரோவில் மூன்று அறை வீட்டில் இருக்கிறோம். அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். வயது 78. முழங்கால் வருத்தம், மாடிப்படி ஏற முடியாது. இப்போது ஹோலில் கட்டில் போட்டுப் படுக்கிறார். பின் வளவில் 6 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் ஒரு அறை, ஷவர், சின்னக் குசினி கட்டிக் கொடுக்க நினைக்கிறோம். "உயரம் இரண்டரை மீட்டருக்குள் இருந்தால் கவுன்சிலின் பிளானிங் அனுமதி தேவையில்லை, யாரும் கேட்டால் ஜிம் என்று சொல்லுங்கள்" என்கிறார் கொந்தராத்துக்காரர். அடுத்த மாதம் அத்திவாரம் வெட்டப் போகிறார்கள். அவரை நம்பலாமா?
– ஒரு வாசகி, ஹரோ

பதில்: தங்கச்சி, முதலில் அத்திவாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மிச்சத்தை ஆறுதலாகப் படிக்கலாம்.

இந்த ஜிம் கதையை நான் கவுன்சிலில் பிளானிங் பிரிவில் வேலை செய்த காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை அப்படியொரு 'ஜிம்'மைப் பார்க்கப் போனேன். உடற்பயிற்சி மெஷின் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அதன் கைபிடியில் ஈரத் துவாய் காய்ந்துகொண்டிருந்தது. யன்னலோரம் ரைஸ் குக்கர், மூடியைத் தொட்டால் இன்னும் சூடு. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், நான் குக்கரைப் பார்த்தேன். இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை.

உங்கள் கொந்தராத்துக்காரர் சொன்னதில் பாதி சரி. இங்கிலாந்தில் வீட்டு வளவுக்குள் கொட்டில், கராஜ், தோட்ட அறை போன்றவற்றை விண்ணப்பம் போடாமலே கட்டலாம். 2015-ஆம் ஆண்டின் பெர்மிட்டட் டெவலப்மெண்ட் ஆணையில் 'கிளாஸ் ஈ' என்று ஒரு பகுதி இருக்கிறது, அதுதான் இந்த உரிமையைத் தருகிறது. ஒரு மாடிதான். கூரை விளிம்பின் உயரம் 2.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இருபுறம் சரியும் கூரை என்றால் உச்சி 4 மீட்டர் வரை, மற்றக் கூரைகளுக்கு 3 மீட்டர். ஆனால் எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டினால் முழு உயரமே 2.5 மீட்டர்தான். வீட்டின் முன்முகத்துக்கு முன்னால் வரக்கூடாது. முதல் கட்டிய வீடு நிற்கும் இடத்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் வளவில், பின்னாளில் சேர்த்த கட்டடம் எல்லாம் கூட்டி, பாதிக்கு மேல் மூடக்கூடாது. ஃபிளாட்டுகளுக்கு இந்த உரிமை கிடையாது. பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம் என்று பட்டியலில் உள்ள வீடுகளுக்கும் இல்லை.

இந்த இரண்டரை மீட்டரில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். என் வளவில் சாமான் வைக்க ஒரு கொட்டில் போட்டபோது, கட்டியவர் காங்கிரீட் தளத்தின் மேலிருந்து அளந்திருக்கிறார். சட்டம் அளப்பது நிலத்திலிருந்து, அதுவும் கட்டடத்தை ஒட்டிய இயற்கை நிலத்தின் உயர்ந்த இடத்திலிருந்து. வேலை முடிந்த அன்று சும்மா ஒரு ஆசைக்கு டேப்பைப் பிடித்தேன்: 2.64. வேலியோ ஒரு மீட்டர் தூரத்தில். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் வீட்டில் கூரையைக் கழற்றி, தூண்களை அறுத்து, மறுபடி போட்டோம். பக்கத்து வீட்டு மாமி இன்றைக்கும் கேட்டுச் சிரிப்பார்.

அப்புறம், சொல்லாமல் விட்ட மற்றப் பாதி. கிளாஸ் ஈ அளவை மட்டும் பார்ப்பதில்லை, எதற்காகக் கட்டுகிறீர்கள் என்றும் பார்க்கிறது. வீட்டு வாழ்க்கைக்குத் துணையான ஒரு தேவைக்காக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'இன்சிடென்டல்' என்பார்கள். ஜிம், வேலை மேசை, பிள்ளைகள் விளையாடும் இடம், சைக்கிள் வைக்கும் இடம், இவையெல்லாம் அதற்குள் வரும். படுப்பது, குளிப்பது, சமைப்பது என்று நாளாந்த வாழ்க்கையே அங்கே நடக்கப் போகிறது என்றால் வராது. ஒருவர் வசிப்பதற்கென்றே புதிதாகக் கட்டும் அறை 2 மீட்டர் உயரமாக இருந்தாலும் கிளாஸ் ஈ அதைக் காப்பாற்றாது.

இதில் ஒரு சுழி உண்டு. ஏற்கெனவே சட்டப்படி கட்டி, உண்மையாகவே வேறு தேவைக்குப் பாவித்து வந்த ஒரு தோட்ட அறையைப் பின்னர் அம்மாவின் படுக்கையறையாக மாற்றினால், பல வேளைகளில் பிளானிங் அனுமதி தேவைப்படாது. வீட்டின் ஒரு பகுதியாகவே அது இயங்குகிறது, பயன்பாடு மாறவில்லை என்பது வாதம். 1990-களின் தொடக்கத்திலேயே அட்டில்ஸ்ஃபர்ட் வழக்கில் நீதிமன்றம் இப்படிப் பார்த்திருக்கிறது: உள்ளே குசினியும் குளியலறையும் இருப்பதால் மட்டும் ஒரு கட்டடம் தனி வீடாகிவிடாது, அங்கே இருப்பவர் வீட்டுக் குடும்பத்தோடு சேர்ந்து வாழ்கிறாரா என்பதே கேள்வி. "அப்போ முதலில் ஜிம்மாகக் கட்டிவிட்டு ஆறு மாதத்தில் மாற்றலாமே" என்று கேட்கப் போகிறீர்கள். ஷவரும் குசினியும் இப்போதே வரைபடத்தில் இருக்கின்றன. அம்மாவின் முழங்கால் ஏற்கெனவே வலிக்கிறது. அது ஜிம் அல்ல என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வேலிக்கு அப்பால் இருப்பவருக்கும் தெரியும்.

ஆகவே ஹவுஸ்ஹோல்டர் விண்ணப்பம், அதாவது வீட்டுக்காரர் பிளானிங் அனுமதி கேட்கும் விண்ணப்பம், போடுங்கள். முடிவு சொல்லக் கவுன்சிலுக்கு 8 கிழமை. அம்மாவுக்காக, வீட்டின் பகுதியாக, என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதிகாரி எதைப் பார்ப்பார் என்று சொல்கிறேன், ஏனென்றால் நானே அதைத்தான் பார்த்தேன். தெருவிலிருந்து பக்கச் சந்தால் தனிப் படலை போட்டிருக்கிறார்களா, நடுவில் வேலி அடித்துத் தோட்டத்தைப் பிரித்திருக்கிறார்களா, தனி மின் மீட்டர், தனிக் கடிதப்பெட்டி, தனிக் குப்பை வாளி இருக்கிறதா. இவை ஒவ்வொன்றும் 'இது இன்னொரு வீடு' என்று சொல்லும். அம்மா மத்தியானம் உங்கள் மேசையில் சாப்பிடுகிறார், உடுப்பு உங்கள் மெஷினில் துவைபடுகிறது என்பதெல்லாம் எதிர்ப்பக்கம் நிற்கும். முடிந்தால் குசினியைக் கேத்தில் வைக்கிற அளவுக்குச் சுருக்கிவிடுங்கள். அனுமதி கிடைத்தால் 'வீட்டோடு சேர்ந்த பாவனைக்கு மட்டும்' என்று ஒரு நிபந்தனை அநேகமாக ஒட்டியிருக்கும். பின்னாளில் வாடகைக்கு விட நினைத்தால் அது வந்து குறுக்கே நிற்கும்.

விண்ணப்பத்தில் 'அனெக்ஸ்' என்று எழுதப் பலர் பயப்படுகிறார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் அனெக்ஸ் என்றால் வாடகைக்கு விடுகிற பகுதி, அந்த நினைப்புத்தான். இங்கே அந்தச் சொல்லுக்குத் தோஷம் இல்லை. அதற்கு முன்னால் 'அன்சிலரி', அதாவது வீட்டோடு சேர்ந்தது, என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளானிங் கிடைத்தாலும் பில்டிங் ரெகுலேஷன், அதாவது கட்டடத்தின் பாதுகாப்பு, தரம் பற்றிய விதிகள், வேறு. 15 சதுர மீட்டருக்குக் குறைந்த கொட்டில்களுக்கும், சில நிபந்தனைகளோடு 30 வரை உள்ளவற்றுக்கும் விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். அந்த விலக்கு உள்ளே யாரும் படுக்காத கட்டடத்துக்குத்தான். கட்டில் வந்தால் விலக்குப் போய்விடும். எனக்குக் கேட்டால் இது நல்லதுக்கே: தீப் பிடித்தால் அம்மா எந்த வழியால் வெளியே வருவார், தையில் அந்த அறை எவ்வளவு குளிரும் என்று யாரோ ஒருவர் கட்டாயம் கேட்க வேண்டும். நிலத்தைத் தோண்டும் முன் சாக்கடைக் குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். பொதுக் குழாய்க்கு 3 மீட்டருக்குள் கட்டுவதென்றால் தண்ணீர் கம்பனியின் சம்மதம் வேண்டும்.

கவுன்சில் டாக்ஸ்: எல்லா வசதியும் உள்ளே இருந்தால் அந்த அறைக்குத் தனியாக ஒரு வரிப் படி (பாண்ட்) போடலாம். ஆனால் அதில் இருப்பவர் உங்களில் தங்கியிருக்கும், 65 வயதைத் தாண்டிய உறவினர் என்றால் அந்தப் பகுதிக்கு முழு விலக்கு. படிவத்தில் 'கிளாஸ் டபிள்யூ' என்று இருக்கும். கேட்காமல் தரமாட்டார்கள்.

கேள்வி: ஹவுன்ஸ்லோவில் வாங்கிய வீட்டின் பின்னால் 24 சதுர மீட்டரில் ஒரு கட்டடம், குளியலறை குசினியோடு. 2019 ஓகஸ்டிலிருந்து வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான்கு வருடம் தாண்டினால் கவுன்சிலால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் நண்பர். இப்போது கவுன்சிலிலிருந்து கேள்விகள் அடங்கிய ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. சும்மா இருக்கலாமா?
– ஒரு வாசகர், ஹவுன்ஸ்லோ

பதில்: சும்மா இருக்கக்கூடாது. அது பிளானிங் கொண்ட்ராவென்ஷன் நோட்டீஸ் (விதி மீறலா என்று விவரம் கேட்கும் கடிதம்) என்றால் பதில் சொல்ல 21 நாள். பதில் சொல்லாமல் விடுவதும் குற்றம், தெரிந்தே பொய் எழுதுவதும் குற்றம். "மச்சான் வந்து போகிறவர்" என்று எழுதிவிடாதீர்கள்.

நண்பர் சொல்வது பழைய கணக்கு, ஆனால் உங்களுக்கு அது இன்னும் உதவக்கூடும். 2024 ஏப்ரல் 25-இலிருந்து இங்கிலாந்தில் கவுன்சில் நடவடிக்கை எடுக்கக்கூடிய காலத்தை எல்லாவற்றுக்கும் 10 வருடம் ஆக்கிவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன்பே தனி வீடாக மாறிய கட்டடங்களுக்குப் பழைய 4 வருடம் தொடர்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, அது தனி வீடாக, சமையலும் குளியலும் படுக்கையும் உள்ளேயே நடக்கும் இடமாக, இருந்திருக்க வேண்டும். இரண்டு, நான்கு வருடமும் இடைவிடாமல். நடுவில் ஆள் போய்ச் சில மாதம் பழைய சோபா அடைந்து கிடந்தது என்றால் எண்ணிக்கை மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கலாம். வாடகை ஒப்பந்தங்கள், வங்கிப் பதிவு, மின் கட்டணச் சீட்டு எல்லாவற்றையும் மாதவாரியாக அடுக்குங்கள். ஓட்டை இல்லாவிட்டால், இது சட்டப்படி சரி என்று கவுன்சில் தரும் சட்டபூர்வச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒளித்து வைத்திருந்தால் கதை வேறு. சர்ரேயில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளை அடுக்கி அதற்குப் பின்னால் கோட்டை மாதிரி வீடு கட்டி நான்கு வருடம் ஒளிந்திருந்தார். கடைசியில் தானே இடித்தார். இப்போது ஒளிப்பதும் அவ்வளவு லேசில்லை. 2013-இல் ஸ்லோ கவுன்சில் வெப்பத்தைப் படம் பிடிக்கும் விமானத்தையே மேலே அனுப்பி, ஆள் வசிக்கும் கொட்டில்களைத் தேடியது.

சான்றுகள் போதாவிட்டால் நிலைமை கடினம். பிந்திய அனுமதி கேட்கலாம், ஆனால் ஒருவர் வசிக்கும் புது வீட்டுக்கே தேசிய அளவு 37 சதுர மீட்டர், உங்களிடம் இருப்பது 24. மீறலை நிறுத்தச் சொல்லும் என்ஃபோர்ஸ்மெண்ட் நோட்டீஸ் வந்தால், அது அமுலுக்கு வரும் தேதிக்கு முன் அப்பீல் போட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் ஏற்கமாட்டார்கள். அதையும் மீறி வாடகை வாங்கினால் அபராதத்தோடு வாங்கிய வாடகையையும் குற்ற வருமானமாகப் பறிக்க முடியும். 21 நாளுக்குள் ஒரு பிளானிங் சட்டத்தரணியைப் பாருங்கள், என் பதிலை மட்டும் வைத்து எழுதாதீர்கள்.

கேள்வி: தோட்டத்தில் ஒரு மர அறையில் இருந்து கணினி வேலை செய்கிறேன். அனுமதி வேண்டுமா?
– ஒரு வாசகர், க்ரோய்டன்

பதில்: அளவுகள் சரி என்றால் வேண்டாம். வேலையாட்களும் வாடிக்கையாளரும் வரிசையாக வரத் தொடங்கினால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: கட்டடம் கட்டாமல், சில்லுள்ள மொபைல் வீடொன்றை வாங்கிப் பின் வளவில் மாமா, மாமிக்கு வைத்தால் பிளானிங் தேவையில்லையாமே?
– ஒரு வாசகி, மில்டன் கீன்ஸ்

பதில்: உண்மையிலேயே அப்படி ஒரு வழி இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அது கட்டடமல்ல, கரவன். 20 மீட்டர் நீளம், 6.8 மீட்டர் அகலம், உள்ளே 3.05 மீட்டர் உயரம் வரை அனுமதி. அதிகபட்சம் இரண்டு துண்டுகளாகக் கொண்டுவந்து பொருத்தலாம், பொருத்திய பிறகும் நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். மாமாவும் மாமியும் உங்கள் குடும்பத்தோடு சேர்ந்தே வாழ வேண்டும். அது முதல் பதிலில் சொன்னதுதான். காசைக் கட்டும் முன் கவுன்சிலில் சட்டபூர்வச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். திட்டமிடும் நிலையில் எடுத்தால் வழமையான கட்டணத்தில் பாதி. அப்படியே வீட்டுப் பக்கத்து ஒடுங்கிய வழியையும் அளந்து பாருங்கள். நான் பார்த்த பல வீடுகளில் அது ஒரு மீட்டர்கூட இல்லை. கூரைக்கு மேலால் கிரேன் வைத்து இறக்கினால் தெருவையும் அன்றைக்கு மறிக்க வேண்டி வரும்.