தலையை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது?

கேள்வி: 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்', 'க்ரீப்ஷோ' மாதிரிப் படங்களை நீங்கள் சிலாகித்து எழுதியதை நம்பி வரிசையாகப் பார்த்தேன். கெட்டவன் தப்பு செய்கிறான், செத்தவன் எழுந்து வந்து கொல்கிறான். ஒரே படத்தில் இதே கதை ஐந்து தடவை! அமெரிக்க அரசே தடை செய்த பழைய காமிக்ஸிலிருந்து எடுத்த சரக்கு வேறு. பிள்ளைகளைக் கெடுக்கும் இந்த ரத்தக் குப்பையில் ரசிக்க என்ன இருக்கிறது?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: வரிசையாகப் பார்த்தேன் என்கிறீர்கள். முதல் படமே குப்பை என்று தெரிந்த பிறகும் அடுத்ததைப் போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு வருவோம். அமெரிக்க அரசு அந்தக் காமிக்ஸைத் தடை செய்யவே இல்லை. காமிக்ஸ் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களா என்று 1954 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு செனட் துணைக்குழு விசாரித்தது. ஈ.சி. காமிக்ஸின் முதலாளி வில்லியம் கெய்ன்ஸ் தானே முன்வந்து சாட்சி சொன்னார். 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்', 'தி வால்ட் ஆஃப் ஹாரர்', 'தி ஹாண்ட் ஆஃப் ஃபியர்' என்று பத்து சென்ட் விலையில் பேய்க்கதை விற்றுக்கொண்டிருந்தவர் அவர். செனட்டர் எஸ்டிஸ் கீஃபாவர் அவருடைய அட்டைப்படம் ஒன்றைக் காட்டினார். ஒருவன் ஒரு கையில் ரத்தக் கோடாலியும், மறு கையில் ஒரு பெண்ணின் வெட்டுண்ட தலையுமாக நிற்கிறான். இது நல்ல ரசனையா? பேய்க் காமிக்ஸ் அட்டைக்கு நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து ரத்தம் ஒழுகுவதைக் காட்டியிருந்தால்தான் மட்டமான ரசனையாம். வாயிலிருந்து ரத்தம் வருகிறதே என்றார் செனட்டர். கொஞ்சம்தான் என்றார் இவர்.

அவர் சொன்னது தொழில் தெரிந்தவனின் பேச்சு. ஆனால் அறுந்த தலையைப் பார்த்த ஊர் அதையெல்லாமா கேட்கும்?

மிரண்டுபோன மற்ற பதிப்பாளர்கள் அரசு சட்டம் போடுவதற்குள் நாமே போட்டுக்கொள்வோம் என்று அந்த ஆண்டே ஒரு காமிக்ஸ் விதித் தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் கூடாது. நடமாடும் பிணம், ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன் யாரும் கூடாது. இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதிலுள்ள வேறு வரிகள்தான் முக்கியம். போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி, மதிப்புக்குரிய அமைப்புகள் இவற்றின் மேல் மரியாதை குறையும்படி எதையும் காட்டக்கூடாது. பெற்றோர்மேல் மரியாதை வளர வேண்டும். எப்போதும் நன்மையே வெல்ல வேண்டும்.

இந்தக் கடைசி விதியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஈ.சி. கதைகளில் கெட்டவன் தப்பித்ததே அபூர்வம். சின்ன வயதில் கேட்ட நீதிக்கதைகளைவிடக் கறாராகக் கணக்குத் தீர்த்தவை அவை. சிக்கல் என்னவென்றால், கெட்டவன் யார் என்பதுதான். பெரும்பாலும் புருஷன், பெண்டாட்டி, பணக்காரப் பக்கத்து வீட்டுக்காரன், விடுதி நடத்துகிற கனவான் என்று நாம் தினமும் வணக்கம் சொல்லும் ஆட்கள். தண்டனை கொடுப்பதும் போலீஸ் இல்லை. பெரியவர்களுக்கு எது பொறுக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

நிஜமாகவே சட்டம் போட்டுத் தடுத்தது பிரிட்டன், 1955-இல். அதே பிரிட்டனில்தான் 1972-இல் ஆமிக்கஸ் கம்பெனி ஃப்ரெட்டி ஃபிரான்சிஸ் இயக்கத்தில் 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்' எடுத்தது. 'செத்தவன் எழுந்து வந்து கொல்கிறான், ஐந்து தடவை' என்கிறீர்களே, இன்னொரு முறை பாருங்கள். ஜோன் காலின்ஸ் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி புருஷனை அடித்துக் கொல்கிறார். வெளியே சாண்டா வேஷத்தில் ஒரு கொலைகாரப் பைத்தியம். போலீஸைக் கூப்பிடலாம்தான், கூடத்தில் பிணம் கிடக்கிறதே! கடைசியில் கதவைத் திறந்துவிடுவது அவருடைய சின்ன மகள், சாண்டா வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில். இதில் பேயும் இல்லை, எழுந்து வருகிற பிணமும் இல்லை.

கடைசிக் கதையிலும் கிடையாது. பார்வையற்றோர் இல்லம் ஒன்றுக்குப் புதிதாக ஒரு மேஜர் மேலாளராக வருகிறார். சிக்கனம் என்று கணப்பைக் குறைக்கிறார், சாப்பாட்டைக் குறைக்கிறார். அவர் அறையில் மட்டும் நல்ல சாப்பாடு, நாய்க்கும் சேர்த்து. குளிரில் ஒரு பெரியவர் இறந்துபோகிறார். அப்புறம் அந்தப் பார்வையற்றவர்கள் யாரும் கத்தவில்லை, கோபப்படவில்லை. மேஜரையும் நாயையும் கீழ்த்தளத்தில் தனித்தனி அறையில் அடைத்து, நாயைப் பட்டினி போட்டுவிட்டு, மரப்பலகை அடிக்கிறார்கள். தடவித் தடவி, அளந்து அளந்து, பொறுமையாக. கதவு திறந்ததும் மேஜருக்கு முன்னால் ஒரு குறுகலான நடைவழி. ஒரு திருப்பத்தில் சுவர் இருபுறமும் சவரக் கத்திகள். உடம்பை ஒடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எப்படியோ நகர்கிறார். எதிரே பசித்த நாய். வந்த வழியே திரும்பி ஓடுகிறார். அந்த நேரம் பார்த்து ஒரு கை விளக்கை அணைக்கிறது.

அந்த விளக்கு அணைகிற இடத்தைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவரை அந்த மேஜர் அவர்களை எந்த இருட்டில் வைத்திருந்தாரோ, அதே இருட்டு.

'ஐந்து தடவை' என்ற புகாரும் தலைகீழ். மூலக் கதைகளே ஏழெட்டுப் பக்கம்தான். கதையை நீட்டினால் பல் போய்விடும். 'க்ரீப்ஷோ 2' (1987) மூன்றே கதைகளோடு வந்தது. எனக்கு அதில்தான் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியது.

முதல் 'க்ரீப்ஷோ' (1982) எந்தக் காமிக்ஸிலிருந்தும் எடுத்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈ.சி. படித்து வளர்ந்த ஸ்டீஃபன் கிங் எழுதி, ஜார்ஜ் ரொமேரோ இயக்கியது. படத்தில் வரும் காமிக்ஸும் கற்பனைதான். ஆனால் முகம் பயத்தில் உறையும்போது வெளிச்சம் சட்டென்று சிவப்பாகவும் நீலமாகவும் மாறும், பின்னணியில் கோடுகள் சிதறும், திரையே கட்டம் கட்டமாகப் பிரியும். மட்டக் காகிதத்தில் மலிவு மையில் அச்சான பக்கத்தை யாரும் அவ்வளவு பாசமாகப் படமெடுத்ததில்லை.

பிள்ளைகள் கெடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் படமே அங்கேதான் தொடங்குகிறது. அப்பா மகனைக் கன்னத்தில் அறைந்து, அவன் பேய்க் காமிக்ஸைக் குப்பைத் தொட்டியில் போடுகிறார். மகனாக நடித்தது கிங்கின் சொந்த மகன். மறுநாள் காலை குப்பை அள்ளுகிறவர்கள் அதை எடுத்துப் புரட்டுகிறார்கள். சூனியப் பொம்மை விளம்பரத்தில் கூப்பனை மட்டும் யாரோ முன்பே வெட்டி எடுத்திருக்கிறார்கள். உள்ளே அப்பா கழுத்தைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்கிறார். மாடியில் பையன் பொம்மையும் ஊசியுமாக உட்கார்ந்திருக்கிறான். ஓர் அறைக்கு அது அதிகப்படியான தண்டனைதான், அந்த ஒரு இடத்தில் உங்கள் கட்சி நான். ஆனால் அந்த அப்பா பேசுவதைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட உங்கள் கேள்வியின் கடைசி வரி.