புற்றுநோய் வீட்டில் துணை நிற்பவர்களுக்கு: கேள்வி பதில்

நோயாளியின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பாலியேட்டிவ் கேர் பிரிவில் நர்ஸாக வேலை செய்கிறேன். நோயாளியைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள். பக்கத்தில் நிற்பவரை யாரும் கேட்பதில்லை. இந்த முறை கேள்விகள் எல்லாம் அவர்களுடையவை.

அம்மாவுக்கு கீமோ நடக்கிறது. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கெஞ்சியும் பார்த்துவிட்டேன், திட்டியும் பார்த்துவிட்டேன். சாப்பிடாமல் எப்படித் தேறுவார்?

இந்தச் சண்டை நடக்காத வீடு குறைவு. அம்மா அடம்பிடிக்கவில்லை. கீமோ நாக்கின் ருசியை மாற்றிவிடும். நோயும் தன் பங்குக்குப் பசியை அடக்கிவிடும். பசியே இல்லாதவருக்கு நிறைந்த தட்டைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக வையுங்கள், அடிக்கடி கொடுங்கள். சூடான சாப்பாட்டின் வாசனை குமட்டினால் ஆறவைத்துக் கொடுங்கள். வாயெல்லாம் இரும்பு போலக் கசக்கிறது என்றால் பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு மாறுங்கள். வாய்ப்புண், குமட்டல் இரண்டுக்கும் மருந்து உண்டு, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை என்றால் அன்றைக்கே போன் செய்யுங்கள். மிச்சம் வைத்தால் வைக்கட்டும், தட்டை எடுத்துவிட்டு வேறு பேச்சு பேசுங்கள். ஸ்பூனும் கையுமாக நீங்கள் வரும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலை வந்துவிடக் கூடாது.

கீமோ முடிந்து ஒரு வாரம் கழித்து ராத்திரியில் காய்ச்சல் வந்தால், பாரசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்க்கலாமா?

பார்க்கவே கூடாது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம்தான். பல கீமோ மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள், தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடலாம். பாரசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போனதும் முதல் வார்த்தையாக "கீமோ நடக்கிறது" என்று சொல்லுங்கள்.

அப்பாவுக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசிக் கட்டம் என்று அர்த்தமா? அடிமையாகிவிடுவாரா?

கடுமையான வலி என்றுதான் அர்த்தம். வலி குறைந்தால் அளவையும் குறைப்பார்கள். வலிக்காகச் சொன்ன அளவில் எடுப்பவர் அடிமையாவது அரிது. வலி வந்த பிறகு தேடாமல், மணிப்படி கொடுங்கள். முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். திடீரென்று நிறுத்தாதீர்கள். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டது என்றால் உடனே அவசர உதவி.

கணவருக்கு ரொம்ப நாளாக நோய். நேற்று ராத்திரி, "இது எப்போதான் முடியும்" என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். நானெல்லாம் மனுஷியா?

மனுஷிதான். இதை என்னிடம் வார்டு வராந்தாவில், குரலைத் தாழ்த்திச் சொன்னவர்கள் நிறையப் பேர். அத்தனை பேரும் உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டவர்கள். நீங்கள் முடிய வேண்டும் என்று நினைத்தது அவர் படும் வேதனையும் உங்கள் தூக்கமில்லாத இரவுகளும்தான்.

இப்போது நான் கேட்கிறேன்: கடைசியாகத் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கியது எப்போது? உங்கள் மாத்திரைகளை நேரத்துக்குப் போடுகிறீர்களா? "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பவர்களிடம் நாம் சொல்வதே இல்லை. அவர்களும் தயங்கியே நிற்கிறார்கள். அதனால் வேலையைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். மருந்து வாங்கி வருவது ஒருவர், செவ்வாய் இரவு கண்விழிப்பது இன்னொருவர், சொந்தக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்வது மூன்றாமவர். யாரும் இல்லையென்றால் சிகிச்சைக் குழுவில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வெறுமையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்களுக்காகவே ஒரு டாக்டரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த நேரமே.

அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். சரியா?

அந்த முடிவை எடுக்கும் உரிமை அப்பாவுக்கும் உண்டு. வார்டு மாறுவதையும் உங்கள் கண் சிவந்திருப்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். "உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீங்கப்பா? டாக்டர் சொல்றதையெல்லாம் நீங்களே கேட்டுக்கறீங்களா, நாங்க பார்த்துக்கட்டுமா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

தோழி தன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

"சனிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன், நீ போய்த் தூங்கு" என்று நாளும் நேரமும் சொல்லிவிட்டுப் போங்கள். யாரோ குணமான கதைகளையும் கைவைத்தியங்களையும் அனுப்பாதீர்கள். அவள் அழுதால் அழட்டும். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் அன்று போகாதீர்கள். வெளிவேலை எதையாவது வாங்கி முடித்துக்கொடுங்கள்.