ஆய்வாளர்கள் தம் ஆய்வைப் பொதுமக்கள் விரும்பிக் கேட்கும்படி பேச எப்படிப் பழக்குவது?

புதுச்சேரியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஊர்க்கூட்டங்களில் பேச வரும் இளம் ஆய்வாளர்களுக்குச் சில ஆண்டுகளாக ஒத்திகை பார்க்க உதவிவருகிறேன். மேடைப் பேச்சைக் கற்றுக்கொடுப்பதற்கு முன், கேட்க வருபவரின் கேள்வி என்ன என்பதை அவர்கள் தம் காதாலேயே கேட்டுவிட வேண்டும் என்பதே என் அனுபவம்.

கடலரிப்பைப் பற்றிப் பேச வந்த ஓர் ஆய்வு மாணவி, 'கரையோர வண்டல் பெயர்ச்சி' என்று தொடங்கி வரைபடங்களாகக் காட்டிக்கொண்டு போனார். ஒத்திகைக்கு நான் அழைத்திருந்த, வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா, எங்க மணலு எங்க போச்சு?" என்றார். அந்தக் கேள்வியையே பேச்சின் முதல் வரியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்த வாரம் மாணவி ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தோடு வந்தார். ஈர மணலை ஓரமாக ஒதுக்கிக் கரையாக்கி, தண்ணீர் ஊற்றி, குறுக்கே மர அளவுகோல் ஒன்றைச் செருகி, உள்ளங்கையால் தண்ணீரை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். அளவுகோலுக்கு இந்தப் பக்கம் மணல் மேடிட்டது. அந்தப் பக்கம் கரை கரைந்து தாம்பாளத்தின் அடி பளிச்சென்று தெரிந்தது. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, வாடைக்காலத்தில்தான் திசை மாறுகிறது என்பதையும், 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்துவிட்டன என்பதையும், நகரக் கரையைக் காக்கக் கொட்டிய கருங்கற்கள் அரிப்பை மேலும் வடக்கே உள்ள குப்பங்களுக்குத் தள்ளிவிட்டன என்பதையும் விளக்க, அதன்பின் அவருக்குப் பத்து நிமிடமே போதுமாக இருந்தது.

சொற்களிலும் கவனம் வேண்டும். அளவீட்டில் '10 விழுக்காடு பிழை' உண்டு என்று இன்னொருவர் நேர்மையாகச் சொன்னபோது, "பிழைன்னு தெரிஞ்சும் ஏன் சொல்றீங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அறிவியலில் பிழை என்பது அளவின் துல்லியத்துக்கு வைக்கும் வரம்பு. ஊர் வழக்கிலோ அது தவறு. 'பத்து மீட்டர், ஒரு மீட்டர் கூடக் குறைய இருக்கலாம்' என்றால் எவருக்கும் விளங்கும், உண்மையும் குறையாது. எளிமையாகச் சொன்னால் சக ஆய்வாளர்கள் மட்டமாக நினைப்பார்களோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. எண்ணையும் ஐயத்தையும் மறைக்காத வரை அந்த அச்சத்துக்கு இடமே இல்லை என்பேன்.

பேசி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை, மரியாதைக்காக எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். கேட்டவரையே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அந்த அம்மா, "செவுத்துக்குத் தெக்கால மணலு தங்கிப்போச்சு, வடக்கால வர வேண்டியது வரல" என்றார். மாணவி அந்த வாக்கியத்தை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார். இந்தப் பழக்கத்தை முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது. ஆய்வேட்டை எழுதி முடித்த பிறகு வருபவர்களுக்குத் துறைச்சொற்களை விட்டு வெளியே வர நெடுநாள் பிடிக்கிறது.