தகவல்தொடர்புத் திறனுக்குத் தனித் தாள் இருக்கும்போது, மற்றப் பாட ஆசிரியர்களும் அதை ஏன் கற்பிக்க வேண்டும்?

நானும் இப்படிக் கேட்டவன்தான். நீலகிரியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். பேச்சும் எழுத்தும் ஆங்கிலத் துறையின் பாடு என்று ஒதுங்கியிருந்தேன்.

என்னை அசைத்தது கொப்புள நோய். தேயிலையின் இளந்தளிரைத் தாக்கும் பூஞ்சை நோய் அது. தென்னிந்தியத் தோட்டங்களுக்கு வந்தது 1946-இல். என் மாணவி ஒருத்தி எக்ஸோபசிடியம் வெக்ஸான்ஸ் என்ற பூஞ்சையின் பெயர் முதல் அதன் வித்து முளைப்பது வரை தேர்வில் பிசகில்லாமல் எழுதியிருந்தாள். அவர்கள் வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. "அப்பாவிடம் சொன்னாயா அம்மா?" என்றேன். "எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை சார்" என்றாள். வீட்டில் படுக மொழி, கடைவீதியில் தமிழ், தேர்வில் ஆங்கிலம். நான் நடத்திய பாடம் விடைத்தாளைத் தாண்டவில்லை.

அடுத்த பருவத்தில் செய்முறைப் பதிவேட்டில் ஒரு பக்கம் கூட்டினேன். தேயிலை வைத்திருக்கும் ஒருவரிடம் நோயை விளக்கிவிட்டு, அவர் திருப்பிக் கேட்டதை எழுதி வர வேண்டும். எந்த மொழியில் பேசினாலும் சரி. ஒரு பாட்டி கேட்டாராம்: "நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் தானாக அடங்கிவிடுகிறதே, மருந்து எதற்கு?" பாட்டி பாதி பாடத்தை நடத்திவிட்டார். இலையில் ஈரம் தங்கினால்தான் வித்து முளைக்கும். வெயில் பட்டால் பிழைக்காது. செம்பு மருந்து எப்போது தேவை என்பதே வெயில் நேரத்தைப் பொறுத்தது. என் வகுப்புக் குறிப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

தனித் தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பேசுவதற்குச் சரக்கு கிடையாது. எத்தனை முறைதான் தன்னையே அறிமுகம் செய்துகொள்வது? பிரிட்டனில் பள்ளிகளின் ஆங்கிலக் கற்பித்தலை ஆராய்ந்த புல்லக் குழுவின் 1975 அறிக்கை, எல்லாப் பாடங்களுக்குமான மொழிக் கொள்கை ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும் என்றது. அமெரிக்கக் கல்லூரிகளிலும் அதே பத்தாண்டில் எழுத்துப் பயிற்சி பிற துறைகளுக்குள் நுழைந்தது.

நேரம் எங்கே என்பீர்கள். திரையில் உள்ளதை அப்படியே ஒப்பிக்கும் கருத்தரங்கு ஒன்று இருந்தது; அதைக் கைவிட்டேன், யாரும் வருந்தவில்லை. 48 பதிவேடுகளிலும் எழுத்துப் பிழை திருத்த உட்கார்ந்தால் விடிந்துவிடும். கேட்டவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியவற்றை ஆங்கிலத் துறை நண்பர் பார்த்துத் தருகிறார். கைம்மாறாக மாதம் ஒரு கிலோ தேயிலைத்தூள் கேட்கிறார். அரைக் கிலோவுக்குப் பேசி வைத்திருக்கிறேன்.