மேக்கில் ஆர்க்கைவ் செய்த பிளிஸ்ட் கோப்பை டெக்ஸ்டாகத் திருத்துவது எப்படி?

பிளிஸ்ட் என்பது ஆப்கள் அமைப்புகளையும் தரவையும் சேமிக்கும் கோப்பு. ஆர்க்கைவ் செய்தது என்றால் ஆப்பின் உருப்படிகள் ஒன்றையொன்று எண்ணால் சுட்டும்படி அதில் எழுதப்பட்டிருக்கும். எடிட்டரில் குப்பை எழுத்தாகத் தெரிகிறதென்றால் அது பைனரி பிளிஸ்ட், அதாவது டெக்ஸ்டாக இல்லாத வடிவம். ஆப்பை மூடி, கோப்பை நகலெடுத்துவிட்டு, டெர்மினலில் பிளூட்டில் (plutil, மேக்கோடு வரும் பிளிஸ்ட் கருவி) கட்டளைக்கு கன்வர்ட் ஆப்ஷனுடன் எக்ஸ்எம்எல்1 (xml1, டெக்ஸ்ட் வடிவம்) கொடுங்கள். மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும், நகல் அதற்குத்தான். ஜேசான் (JSON) என்ற இன்னொரு டெக்ஸ்ட் வடிவம் வேண்டாம், கோப்பில் தேதி வகை மதிப்போ டேட்டா வகை (வெறும் பைட்டுகள்) மதிப்போ இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும்.

உள்ளே ஆப்ஜெக்ட்ஸ் ($objects) என்றொரு பட்டியல் இருக்கும். வேறிடத்தில் யூஐடி (UID, உருப்படியைச் சுட்டும் எண்) 7 என்றால் அந்தப் பட்டியலில் 0-இலிருந்து எண்ணி 7-ஆவது. ஒரே உருப்படியைப் பல இடங்கள் சுட்டலாம், ஒன்றை மாற்றினால் எல்லாமே மாறும். நடுவே புதிதாகச் செருகினால் பின்னுள்ள எண்கள் தள்ளிப்போய் ஆப் கிராஷ் ஆகலாம், கடைசியில் சேருங்கள்.

பிறகு பிளூட்டிலின் லின்ட் (lint, பிழை சோதனை) ஆப்ஷனை ஓட்டி, கன்வர்ட்டால் பைனரி1-க்கு (binary1, பழைய பைனரி வடிவம்) மாற்றுங்கள். லின்ட் பார்ப்பது வடிவத்தை மட்டும், யூஐடி தப்பை அது பிடிக்காது. பிரிஃபரன்ஸஸ் ஃபோல்டர் கோப்பென்றால் சிஎஃப்பிரெஃப்ஸ்டி (cfprefsd, ஆப் அமைப்புகளைக் கையாளும் பின்னணி நிரல்) பழையதை கேஷில் வைத்திருக்கும். அந்த நிரலை டெர்மினலில் கில்ஆல் (killall) கட்டளையால் நிறுத்துங்கள், இல்லையேல் திருத்தம் காணாமல் போகலாம்.