மேஜிக் காளான் மனச்சோர்வைக் குணப்படுத்துமா? கொடைக்கானலில் கிடைப்பதைச் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். மனநல மருந்து எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் கண்டிப்பாக வேண்டாம். காளானில் உள்ள, மாயத் தோற்றங்களை உண்டாக்கும் சைலோசைபின் என்ற பொருளுக்கு மனச்சோர்வைக் குறைக்கும் ஆற்றல் இருப்பது உண்மை. ஆனால் ஆய்வில் பலன் தந்த முறைக்கும், மலையில் ஒருவர் பொட்டலம் கட்டித் தருவதற்கும் தொடர்பு குறைவு.

2022 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. பல மருந்துகள் கொடுத்தும் மனச்சோர்வு குறையாத 233 பேருக்கு, குழு பிரித்து 25, 10 அல்லது 1 மில்லிகிராம் சைலோசைபின் ஒரே ஒரு முறை தரப்பட்டது. மூன்றாம் வாரத்தில், மனச்சோர்வை அளக்கும் 60 புள்ளி அளவுகோலில் 25 மி.கி. குழுவுக்கு 12 புள்ளி இறங்கியது, 1 மி.கி. குழுவுக்கு 5.4. ஒரே வேளை மருந்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பலன் 12 வாரம் வரை நிலைத்தது 25 மி.கி. குழுவிலேயே ஐந்தில் ஒருவருக்குத்தான். 2025-ல், இந்த ஆய்வை நடத்திய மருந்து நிறுவனமே வெளியிட்ட அடுத்தகட்ட ஆய்வில், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 3.6 புள்ளி. பலன் உண்டு, அற்புதம் இல்லை. தனக்கு நிஜ மருந்து கிடைத்ததா என்பது நோயாளிக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதனால் எதிர்பார்ப்பே எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வதும் கடினம்.

ஆய்வில் மருந்து கொடுப்பதற்கு முன்பே பல அமர்வுகள் பேசுவார்கள். மருந்து நாளில் கண்ணை மூடி, இசை கேட்டபடி படுத்திருக்கும் ஆறேழு மணி நேரமும் பயிற்சி பெற்றவர் கூடவே இருப்பார். மறுநாளும் பேச்சு தொடரும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை, குடும்பத்தில் அவை இருந்தாலும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. மறைந்திருக்கும் மனச்சிதைவை இது கிளப்பிவிடக்கூடும் என்பதே காரணம். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் இடமில்லை. இவ்வளவு வடிகட்டியும், 25 மி.கி. குழுவில் பலன் கிடைக்காத மூவர் ஒரு மாதத்துக்குப் பிறகு தற்கொலை முயற்சி போன்ற நடத்தை வரை போனார்கள். கடைசி நம்பிக்கை என்று நினைத்து எடுத்தது கைவிடும்போது வரும் இடிதான் எனக்கு மிகவும் கவலை தருவது. தனியாக எடுப்பவரை அப்போது கவனிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

காளானில் அளவு என்பதே கிடையாது. ஒரே வகையில்கூட ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சைலோசைபின் பல மடங்கு மாறும். பழுப்பு நிறச் சின்னக் காளான்களில் ஈரலை அழிக்கும் அமாடாக்சின் உள்ளவையும் உண்டு. அவற்றைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்கும். இடையில் சற்றுத் தெளிந்ததுபோல் தோன்றினாலும் ஈரல் சேதம் நடந்துகொண்டிருக்கும். அதனால் தாமதமாக வாந்தி வந்தால், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்து எடுப்பவர்கள் காளானையும் சேர்த்துச் சாப்பிட்டு வலிப்பு வந்ததாகப் பல பதிவுகள் உண்டு. எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் காளானின் வேகத்தைக் குறைக்கும் என்று படித்துவிட்டு, மாத்திரையைத் தானாகவே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், பழைய சோர்வு எல்லாம் திரும்பும். ஆய்வில் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள்.

சட்டமும் இருக்கிறது: இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் சைலோசைபின் உள்ளது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் தரலாம்.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், தலா ஆறு முதல் எட்டு வாரம் எடுத்தும் குறையவில்லையா? மருத்துவரிடம் மூன்றைப் பற்றிக் கேளுங்கள்: லித்தியம் சேர்ப்பது, மின்னதிர்வுச் சிகிச்சை, கெட்டமின். கெட்டமின் இங்கே சட்டப்படி மயக்க மருந்தாக உள்ளது. மனச்சோர்வுக்கு வழக்கமாக எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம், 40 நிமிடம் நரம்பு வழியாக, இரத்த அழுத்தத்தைக் கவனித்தபடி ஏற்றுவார்கள். பலன் சில மணி நேரத்தில் தெரியும், ஓரிரு வாரத்தில் மங்கும், அதனால் திரும்பத் தர வேண்டியிருக்கும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போதே இருந்தால் 14416-ஐ அழையுங்கள். இது அரசின் டெலி மானஸ் எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.