வாசகர் கேள்வி – பதில்: மூன்று வாக்காளர், ஏழு வேட்பாளர்

கேள்வி: பிரிட்டனில் கீழ்சபையான காமன்ஸ் சபை நிறைவேற்றிய மசோதாவை, மக்கள் தேர்ந்தெடுக்காத மேல்சபையான பிரபுக்கள் சபை தடுத்துவிட முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் முடியாது, தாமதப்படுத்தலாம். ஒரு காலத்தில் தடுக்கவும் முடிந்தது. அந்த அதிகாரம் போனதற்குக் காரணம் 1909ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம். முதியோர் ஓய்வூதியத்துக்கும் போர்க்கப்பல்களுக்கும் பணம் திரட்ட, பெருஞ்செல்வர்களின் வருமானத்தின்மீதும் நிலத்தின்மீதும் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் புதிய வரிகளை முன்மொழிந்தார். பெருநிலங்களை வைத்திருந்தவர்களே மேல்சபையிலும் அமர்ந்திருந்ததால், வரவுசெலவுத் திட்டத்தில் கை வைப்பதில்லை என்ற நெடுநாள் மரபை மீறி அதை நிராகரித்தார்கள். 1910இல் இரண்டு பொதுத் தேர்தல்கள் நடந்தன. இரண்டிலும் லிபரல் பிரதமர் ஆஸ்குவித் ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டார். மேல்சபை பணியாவிட்டால் நூற்றுக்கணக்கில் புதிய பிரபுக்களை நியமிக்க மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் சம்மதித்திருக்கிறார் என்பது தெரியவந்த பிறகே, 1911 ஆகஸ்டில், 131க்கு 114 என்ற வாக்குகளில், தங்கள் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டத்துக்குப் பிரபுக்கள் இணங்கினார்கள். அதிகாரம் போவதைவிடப் பட்டம் மலிந்துபோவதுதான் அவர்களில் பலரை அதிகம் உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அன்றுமுதல் நிதி மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் அவர்கள் நிறுத்திவைக்க முடியாது. மற்ற மசோதாக்களுக்கு இருந்த இரண்டாண்டுத் தாமதம், 1949இல் ஏறத்தாழ ஓராண்டாகச் சுருங்கியது. ஆளுங்கட்சி தன் தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி அளித்த சட்டங்களை முதலிலேயே வீழ்த்துவதில்லை என்பது எழுதப்படாத மரபு. ஆனால் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஐந்தாண்டுக்கு மேல் நீட்டிக்கும் மசோதாவை மட்டும் அவர்கள் இன்றும் அடியோடு தடுக்கலாம். தேர்தலில் நிற்காதவர்களிடம் தேர்தலுக்கான காவலை ஒப்படைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பரம்பரைப் பிரபுக்களுக்கும் தேர்தல் நடந்தது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மைதான். 1999இல் டோனி பிளேர் அரசு பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றியபோது, சமரசமாக 92 பேரை மட்டும் விட்டுவைத்தது; காலியாகும் இடங்களைப் பின்னர் இடைத்தேர்தல் நடத்தி நிரப்பினார்கள். 2016இல் லிபரல் டெமாக்ரட் கட்சிக்குரிய ஓர் இடத்துக்கு ஏழு பேர் போட்டியிட்டார்கள். சபையில் இருந்த அக்கட்சியின் பரம்பரைப் பிரபுக்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்பதால், வாக்காளர்களோ மூன்றே பேர். மூன்று வாக்குகளையும் பெற்று வைகவுண்ட் தர்ஸோ வென்றார். 1999இல் மேல்சபையிலிருந்து வெளியேறி, 2001இல் மக்களிடம் வாக்குக் கேட்டுக் காமன்ஸ் சபைக்குப் போய், 2015இல் அங்கே தோற்றுப்போனவர் இவர். ஆயிரக்கணக்கானோர் வாக்களித்த தொகுதியில் இழந்த இடத்தை மூவரின் வாக்கால் ஈடுசெய்துகொண்டார்.

எஞ்சிய பரம்பரைப் பிரபுக்களையும் நீக்குவதற்கான மசோதாவை ஸ்டார்மர் அரசு 2024 செப்டம்பரில் கொண்டுவந்தது. அதே சபையில் பதவிவழியாக அமர்ந்திருக்கும் 26 ஆங்கிலத் திருச்சபை ஆயர்களை அந்த மசோதா தொடவில்லை.